ஓட்டமும் நடையும்

நடையின் வேகத்தைச் சொல்லத் தமிழுக்கு எண் தேவைப்பட்டதில்லை. பைய, விறுவிறுன்னு, எட்டி, பொடிநடையா என்று நாம் சொல்லும்போது வேகத்தோடு நடப்பவரின் நிலைமையும் வந்துவிடுகிறது. பொடிநடை போகிறவருக்கு அவகாசம் இருக்கிறது. 'ஓட்டமும் நடையுமா' போகிறவருக்கு இல்லை. இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

எர்ணாவூரில் காலையில் நின்றால் அதன் பொருள் விளங்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். அவற்றின் ஊடே பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், மீன்கூடை சுமந்த பெண்கள். "எட்டிப் போடும்மா, லாரி வருது பாரு" என்று ஒரு குரல். ஓடுவதும் நடப்பதும் அவரவர் தீர்மானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் 'உம்' போட்டுக் கட்டிய இந்த வேகம் நடப்பவர் தீர்மானித்ததல்ல; சாலை அவர்மேல் சுமத்தியது.

போக்குவரத்துப் பொறியியலில் நடைக்கு ஓர் எண் உண்டு: நொடிக்கு 1.2 மீட்டர். சிக்னல் நேரம் பெரும்பாலும் இதை வைத்தே கணக்கிடப்படுகிறது. இந்தக் கணக்கில் 20 மீட்டர் சாலையைக் கடக்க 17 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு மூதாட்டிக்கு 25 நொடி. நடுவில் காணாமல்போகும் அந்த 8 நொடியில்தான் ஓட்டம் தொடங்குகிறது. இந்த எண் இயற்கையின் விதியுமல்ல. அமெரிக்காவில் 2009இல் இதை ஏறத்தாழ 1.07ஆகக் குறைத்தார்கள். 'சராசரிப் பாதசாரி' என்பவன் கட்டமைக்கப்பட்டவன். அவன் முதுகில் கூடை இல்லை, இடுப்பில் குழந்தை இல்லை.

நடை சமூகம் கற்றுக்கொடுப்பது என்று மார்செல் மாஸ் 1934இல் ஓர் உரையில் விளக்கினார். நமக்கு இது புதிதல்ல. வைக்கத்தில் 1924–25இல் நடந்த போராட்டமே கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்குத்தான். யார் எங்கே நடக்கலாம் என்று சாதி சொன்னது. யார் எவ்வளவு வேகமாக நடக்கவேண்டும் என்று சரக்கு சொல்கிறது.

சுமைதூக்குபவரின் பேச்சில் நடை ஓர் அளவையும்கூட. "இன்னும் ரெண்டு நடை பாக்கி" என்றால் இரண்டு முறை சுமந்து போய் வரவேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால் அப்புறம் மேஸ்திரி விரட்டத் தேவையில்லை. தன் காலைத் தானே விரட்டிக்கொள்வார். வேகம் அவருடைய விருப்பம் போலத் தோன்றும். சுரண்டல் கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடம் அதுதான்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. எழுத்தின் பாணியையும் நடை என்றுதான் சொல்கிறோம். 'விறுவிறுப்பான நடை' என்று மதிப்புரையில் பாராட்டுகிறோம். நின்று மூச்சு வாங்கும் வாக்கியத்தைத் தொய்வு என்கிறோம். கூடையை இறக்கிவைத்து, சாலையோரத்தில் நின்று, "இரு, போலாம்" என்று சொல்லும் பெண்ணின் வேகத்தில் எழுதப்பட்ட பக்கம் நம்மிடம் எத்தனை இருக்கிறது?