அனர்த்த காலமும் வாகனத்தில் ஹாம் வானொலியும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது வீதிகள் மட்டும் துண்டிக்கப்படவில்லை. மின்சாரம் தடைப்பட்டதும் பல பிரதேசங்களில் கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. உறவினர்கள் உயிருடன் இருக்கின்றனரா என்பதை அறியவே பலர் நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய வேளையில் கோபுரத்தின் துணையின்றி இயங்க வல்லது ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியாகும்.

இது புதிய அனுபவமன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் அம்பாந்தோட்டைக்கு விரைந்த ஹாம் வானொலியாளர்கள் அங்கிருந்து கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். அந்தமானின் போர்ட் பிளேயரில் அப்போது தங்கியிருந்த இந்திய ஹாம் குழுவினரும் அவ்வாறே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினர்.

நிவாரணப் பணிக்குச் செல்லும் ஜீப் வண்டியில் இக்கருவியைப் பொருத்த விரும்புவோர், எவ்வளவு தூரம் பேச வேண்டும் என்பதையே முதலில் தீர்மானித்தல் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வாகனங்களுக்கிடையே பேசுவதற்கு 144 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 50 வொட் கருவி போதுமானது. ஆனால் இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் தடைப்படும். பதுளையிலிருந்து மட்டக்களப்புடன் பேச வேண்டுமாயின் 7 மெகாஹேர்ட்ஸ் சிற்றலையே பொருத்தமானது. மேல்நோக்கிச் செல்லும் அவ்வலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி மலைக்கு அப்பாலும் இறங்கும். அதற்கு வாகனத்தை நிறுத்தி, ஏறத்தாழ 20 மீற்றர் கம்பியை இரு மரங்களுக்கிடையே கட்டுவது, வண்டியிலுள்ள குறுகிய அன்ரனாவைவிடச் சிறந்த பயனைத் தரும்.

அடுத்தது மின்சாரம். 100 வொட் சிற்றலைக் கருவி பேசும்போது 20 அம்பியர் அளவில் மின்னோட்டத்தை உறிஞ்சும். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து அதனைப் பெற முயல்வது ஆபத்தானது. உருகியுடன் கூடிய தடித்த கம்பியை நேரடியாக வாகன மின்கலத்துடன் இணைத்தலே முறையாகும்.

144 மெகாஹேர்ட்ஸ் கருவிக்குரிய அன்ரனாவைப் பொறுத்தவரை நீளமே சிறப்பென்று எண்ணலாகாது. கூரையின் நடுவே பொருத்தப்பட்ட அரை மீற்றர் அன்ரனா மரக்கிளைகளுக்குத் தப்பும். வண்டி சரிவில் சாய்ந்தாலும் தொடர்பு எளிதில் அறாது. முகப்பைக் கழற்றி முன்னே பொருத்தி, உடற்பகுதியை ஆசனத்தின் கீழ் இறுக்கி வைக்கக்கூடிய கருவியே குலுங்கும் பாதைக்கு உகந்தது. எனினும், வெள்ளநீருள் செல்லும் வண்டியாயின் உடற்பகுதியை உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

கருவியை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமின்றி அதனைப் பயன்படுத்துதல் குற்றமாகும். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் தொடர்பாடல் கருவியொன்றை வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமளித்தது. அந்த அச்சம் காரணமாக எமது இளைஞர்கள் இத்துறையிலிருந்து இன்னமும் ஒதுங்கி நிற்பார்களாயின், அதன் விலையை அடுத்த அனர்த்தத்தில் எமது மக்களே செலுத்த நேரிடும்.

எனவே, பாடசாலைகளும் பள்ளிவாசல் மற்றும் ஆலய நிருவாகங்களும் இளைஞர்களைப் பரீட்சைக்குத் தயார்படுத்த முன்வருதல் வேண்டும். ஆணைக்குழு அப்பரீட்சைக்கான வழிகாட்டலைத் தமிழ்மொழியிலும் தாராளமாக வழங்குதல் வேண்டும். வெள்ளம் வந்தபின் வானொலியைக் கற்க இயலாது.