புறப்படுமுன்

வெளிநாடு சென்று ஈராண்டு, மூவாண்டு தொண்டாற்ற முனையும் இளைஞர், பெரும்பாலும் பெட்டி கட்டுவதிலிருந்தே தொடங்குகிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பயண ஒழுக்கங்களைக் கூறுகையில் வேறிடத்திலிருந்து தொடங்குகிறார்கள்: பிறருக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்தல், கடன்களை அடைத்தல், தம்மை அண்டி வாழ்வோரின் செலவுக்கு வழிசெய்தல், அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைத்தல். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 505இல். கி.பி. 1961இல் அமெரிக்க அரசு நிறுவிய ‘பீஸ் கோர்’ தொண்டர் அமைப்பும் ஏறத்தாழ இவற்றையே கேட்கிறது. பயிற்சியும் பணியுமாக 27 மாதங்களுக்குச் செல்வோர், தம் கடன்களுக்கும் 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் பராமரிப்புக்கும் முன்னேற்பாடு செய்திருத்தல் வேண்டும். (மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசியிட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே செல்லுபடியாகும் என்பதையும் மறத்தலாகாது.)

அவ்வமைப்பு கேளாத ஒன்று உண்டு: பெற்றோரின் இசைவு. பெற்றோரை அழவிட்டு, ஹிஜ்ரத்துக்கு உறுதிமொழி அளிக்க வந்த ஒருவரை, அழவைத்தது போலவே அவர்களைச் சிரிக்க வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பியனுப்பிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணச்சீட்டு வாங்கிய பின் கேட்டுப் பெறும் ‘போய் வா’வை இசைவென்று நாம் கொள்வதற்கில்லை. அவர்கள் மறுக்க இடமிருக்கும்போதே கேட்டல் வேண்டும். மருந்துச் செலவை யார் பார்ப்பார், நள்ளிரவில் நோய் கண்டால் யாரை அழைப்பது என்ற வினாக்களுக்கு விடையோடு கேட்டல் வேண்டும்.