ஏரிக்கரையில் ஒரு மணி நேரம்

"உனக்கு என்னம்மா ஆச்சு? பச்சைக் குழந்தையைப் போய் இப்படி அடிக்கிறியே!" என்று மாமியார் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பால் கொட்டிய குற்றத்துக்கு, என் மூன்று வயதுப் பையனின் முதுகில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு வெகுநேரம் அழுதேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "பேரனை நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போய்ட்டு வாங்க" என்றார் அத்தை. தயிர் சாதம் கட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, பூண்டியில் இறங்கினோம்.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த ஏரி இது. சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943-லேயே காலமாகிவிட்டார். ஏரிக்கு அவர் பெயர்தான்: சத்தியமூர்த்தி சாகர். கொள்ளளவு 323 கோடி கன அடி. எங்கள் ஊர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழையும் கிருஷ்ணா கால்வாய், 25 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் வந்து சேர்கிறது. 1996-ல் முதன்முதலாக அந்தத் தண்ணீர் வந்தது.

என்னவர் அங்குள்ள கற்கால அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் மட்டும் கரையில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தேன். தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் நிதானமாகக் கேட்டது. நீர்க்காகம் ஒன்று முங்குவதும் எழுவதுமாக இருந்தது. "அம்மா, அம்மா" என்று புடவையை இழுக்க யாரும் இல்லை. முதல் பத்து நிமிஷம், அடுப்பை அணைத்தோமா என்ற கவலை. அப்புறம் அதுவும் போயிற்று. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நான் தனியாக உட்கார்ந்த முதல் ஒரு மணி நேரம் அது!

சாயங்காலம் வீடு திரும்பியதும் பையன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான். முதல் காரியமாகச் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தான். எனக்குக் கோபமே வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

நீங்களும் போய்ப் பாருங்களேன். ஆனால் சில விஷயங்கள் ஞாபகம் இருக்கட்டும். இது குடிநீர் ஏரி. படகு விடவோ குளிக்கவோ ஆசைப்படாதீர்கள். ஆழம் தெரியாத தண்ணீரில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் மதகு திறக்கும் நாட்களில் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். சாப்பிட்ட இலையையும் பையையும் வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

ஏரிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடியோ, கோவில் பிராகாரமோ போதும். வாரத்தில் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று இருக்கட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டாரிடம் கேட்பதில் வெட்கமே வேண்டாம், சகோதரிகளே. அன்று என் மாமியார் தானாகச் சொல்லாவிட்டால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.