பெய்யாத பனி
பனிக்காலம் – தொடர் 5

சென்ற வாரம் மூடுபனியோடு நிறுத்தினேன். இந்த வாரம் உறைபனியும் வெண்பனியும். விருத்தாசலத்தில் இரண்டையுமே பார்க்க முடியாது. ஆனால் இரண்டையும் விளங்கவைக்கும் சாமான் இந்த ஊர்ச் சூளைகளில்தான் வேகிறது. சுட்ட களிமண்தான் அது.

மார்கழி விடியலில், வாசலில் நிறுத்திய வண்டியின் சீட்டைத் தொட்டால் கை நனைகிறது. ‘ராத்திரி நல்லா பனி பெஞ்சிருக்கு’ என்கிறோம். ‘தலையில பனி எறங்கும், துண்டக் கட்டிக்க’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையில் அந்தப் பனி பெய்வதுமில்லை, இறங்குவதுமில்லை.

வில்லியம் சார்லஸ் வெல்ஸ் லண்டனில் இருந்த ஒரு மருத்துவர். 1814-ல் பனித்துளியைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு சோதனை வருகிறது. இரண்டரை அடி உயரமும் ஒரு அடி விட்டமும் உள்ள சுட்ட களிமண் உருளையைப் புல்தரையில் நிமிர்த்தி வைத்தார். அதன் வாய் திறந்தே இருந்தது. உள்ளே 10 கிரெயின் கம்பளி, வெளியே திறந்தவெளியிலும் அதே அளவு. (ஒரு கிரெயின் என்பது குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி.) காற்று அசையாத இரவு. மழை பெய்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல நனைந்திருக்கும். நிறுத்துப் பார்த்தபோது வெளிக் கம்பளியில் 16 கிரெயின் ஈரம் ஏறியிருந்தது. உள்ளே இருந்ததில் இரண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மேகமில்லாத இரவில் தரையில் உள்ள எல்லாப் பொருளும் தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. உருளைக்குள் இருந்த கம்பளிக்குத் தெரிந்தது ஒரு துண்டு வானம் மட்டும். அதனால் அது அதிகம் குளிரவில்லை. வெளியே கிடந்தது முழு வானத்தைப் பார்த்துக் குளிர்ந்தது. பக்கத்துக் காற்றிலிருந்த ஆவி அதன்மேலேயே நீராகப் படிந்தது.

அந்தக் குளிர்ச்சி 0 டிகிரிக்குக் கீழே போனால், ஆவி நீராகாமல் நேரே பனிக்கட்டியாகிறது. அதுதான் உறைபனி. நம் வண்டிச் சீட்டின் ஈரத்துக்குக் கூடப்பிறந்தது. ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் இது அதிகம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியலில் அங்கே ஒரு புல்லைக் குனிந்து பாருங்கள். இலையின் ஓரங்களில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகங்கள் நிற்கும். மேலிருந்து கொட்டியதாக இருந்தால் இப்படி ஓரம் பிடித்து முளைத்திருக்காது.

வெண்பனியின் பிறப்பு மேகத்தில். ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு ஆவி உறைகிறது, விழும்போதே வளர்கிறது. உறைபனிக்கு நட்சத்திரம் தெரியும் இரவு வேண்டும், வெண்பனிக்கு மேகம் மூடிய வானம் வேண்டும். பிறக்கும் இடம் வேறானாலும் இரண்டும் ஒரே ஆவியிலிருந்து வந்த பனிக்கட்டிதான். அடிப்படை அமைப்பு இரண்டிலும் அறுகோணம். தனிப் படிகம் கண்ணாடிபோலத் தெளிவானது. பல முகங்களில் ஒளி சிதறுவதால்தான் குவியல் வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானில் நகாயா உகிச்சிரோ 1936-ல் ஆய்வகத்திலேயே வெண்பனிப் படிகத்தை வளர்த்துக் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்திய பிடிமானம் ஒரு முயல் ரோமம்.

பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல. குளிர்நாடுகளில் கனத்த வெண்பனி போர்வைபோல மண்ணின் சூட்டைக் காக்கும். நீலகிரியின் உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். அதனால்தான் அங்கே மாலையிலேயே செடிகளைத் தழையால் மூடுகிறார்கள். ஏதோ கொட்டப்போகிறது என்பதற்காக மூடுவதில்லை. செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டும். வெல்ஸின் களிமண் உருளை செய்த அதே வேலையைத்தான் அந்தத் தழையும் செய்கிறது.

ஆண்டுதோறும் ‘ஊட்டியில் உறைபனிப் பொழிவு’ என்று செய்தி வருகிறது. எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘உறைபனி படிந்தது’ என்று எழுதுங்கள்.

வாசகர்களே, மேகமில்லாத ஒரு மார்கழி இரவில் இரண்டு செராமிக் தட்டுகளை மொட்டைமாடியில் வையுங்கள். ஒன்று வெட்டவெளியில், மற்றொன்று நாற்காலிக்கு அடியில். காலையில் இரண்டையும் தொட்டுப் பாருங்கள்.