பொறிவண்டும் குளவியும்

குளவியானது புழுவொன்றைத் தன் மண்கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கிவிடும் என்று தமிழ் மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். உண்மையில் அப்புழு குளவியாவதில்லை; குளவியின் குஞ்சுக்கு இரையாகி அழிகின்றது.

கூடு கட்டாமல், பிற பூச்சியின் உடலையே தம் குஞ்சுக்கு வீடாக்கும் குளவிகளும் பல உள. அவற்றுட் பெரும்பாலானவை முட்டையையோ புழுவையோ கூட்டுப்புழுவையோ நாடும். வளர்ந்த பூச்சிக்கு வன்மையான தோலும், பறந்து தப்ப இறக்கையும் உண்டல்லவா? ஆயினும் அதனையே தேடிச் செல்வது டைனோகாம்பஸ் காக்சினெல்லே என்னும் சிறு குளவி. அசுவினிகளைத் தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டே அதன் இலக்கு.

இவ்வினத்தில் ஆணைக் காண்பது அரிது. பெண் துணையின்றியே முட்டையிடும். ஊர்ந்து செல்லும் வண்டை நெருங்கி, தன் வயிற்றைக் கால்களுக்கிடையே முன்னோக்கி வளைத்து, வண்டின் உடலில் மென்மையான இடுக்கு ஒன்றில் ஊசிபோன்ற உறுப்பைச் செலுத்தி முட்டையை உள்ளே வைக்கும். முட்டைகள் பலவாயினும் எஞ்சுவது ஒரு புழுவே; அது தன் கூரிய தாடைகளால் ஏனையவற்றைக் கொன்றுவிடும். உயிர்நிலையான உறுப்புகளை மட்டும் அது தீண்டுவதில்லை. ஆதலின் ஏறத்தாழ மூன்று வாரம் வண்டு வழக்கம்போல் நடமாடும்.

பின்னர்ப் புழு வயிற்றின் இடுக்கு வழியே வெளிவந்து, வண்டின் கால்களுக்கிடையே பட்டுக்கூடு பின்னிக்கொள்ளும். வியப்பு இனிமேல்தான். வண்டு இறப்பதில்லை, ஓடிப்போவதுமில்லை. கூட்டின்மேல் கவிந்து கிடந்து, அவ்வப்போது துடிக்கும். தன்னை உண்டவனுக்கே காவல்! அத்துடிப்பும் வண்டின் கசப்பு நீரும் பகைவரை விலக்கும். கனடாவில் நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், உயிருள்ள வண்டு காத்த கூடுகள், தனித்து விடப்பட்டவற்றைவிடக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களிடமிருந்து மிகுதியாகத் தப்பின.

வண்டை அவ்வாறு முடக்குவது எது? 2015-இல் வெளிவந்த ஆய்வு, குளவியுடன் வண்டின் உடலிற் புகும் வைரஸ் ஒன்று அதன் மூளையைத் தாக்குவதைக் காட்டிற்று. முட்டையோடு அக்கிருமியையும் தாய்க்குளவி இட்டுச் செல்கின்றது போலும்.

ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய குளவி கூட்டை விட்டுப் பறந்துவிடும். காவலிருந்த வண்டுகளுட் பல மடியும். ஆனால், 2011 ஆய்வின்படி, ஏறத்தாழ நான்கில் ஒன்று மெல்ல மெல்லத் தேறி எழுந்து, மீண்டும் நடமாடத் தொடங்கும்.