தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு பேய்!

நீங்கள் பேயைப் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். 1988ஆம் ஆண்டு, சென்னை மாம்பலத்தில், எங்கள் வாடகை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில்!

அப்பா தவணை முறையில் வாங்கிய 20 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. செய்தி வாசிப்பவர் திரையில் தோன்றினால், அவருக்கு வலப்பக்கத்தில் மங்கலாக இன்னொருவரும் தோன்றுவார். எழுத்துகள் எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரியும். பொறியியலார் இதற்கு வைத்த பெயரே 'பேய் உருவம்' என்பதுதான்.

மொட்டை மாடியில் ஏரியல் நட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஆகவே பெட்டியின் தலையில் 'முயல் காது' எனப்படும் இரண்டு கம்பிகளை வைத்துச் சமாளித்தோம். பேய் போகவில்லை. அப்பாவுக்கும் வீட்டுக்காரருக்கும் பேச்சு முற்றி, "வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. நான் அப்போது நான்காம் வகுப்பு. வீடு மாறினால் பள்ளியும் மாற வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த போர்ஷனில் ஓர் இயற்பியல் ஆசிரியர் குடியிருந்தார். சத்தம் கேட்டு வந்த அவர், "தம்பி, உன் அளவுகோலைக் கொண்டு வா. பேய் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்" என்றார்.

பேயின் முகவரி

அளவுகோலைத் திரைமீது வைத்தார். உருவத்தின் மூக்குக்கும் பேயின் மூக்குக்கும் இடையே 2 செ.மீ. திரையின் அகலம் 40 செ.மீ. பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டார். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

அன்றைய முறையில் ஒரு முழுப் படம் 625 வரிகளால் ஆனது. ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஆக, விநாடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. இதில் திரையில் காட்சியாகத் தெரியும் பகுதி 52 மைக்ரோ விநாடி. அதாவது, இடமிருந்து வலமாக 40 செ.மீ. தூரத்தை வரைய 52 மைக்ரோ விநாடி ஆகிறது. அப்படியானால் 2 செ.மீ.க்கு 2.6 மைக்ரோ விநாடி.

வானொலி அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்லும். 2.6 மைக்ரோ விநாடியில்? 780 மீட்டர்! ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேராக வந்த அலையைவிட 780 மீட்டர் அதிகமாக நடந்து இன்னோர் அலை வந்திருக்கிறது. தாமதமாக வந்ததால்தான் அது வலப்பக்கம் தள்ளி விழுந்தது.

அந்த அலை எந்தத் திசையிலிருந்து வந்தது? ஆசிரியர் முயல் காதின் கம்பிகளைக் கிடையாக நீட்டி மெல்லத் திருப்பினார். கம்பியின் முனை நோக்கும் திசையிலிருந்து வரும் அலையை அது வாங்காது. முனை சேப்பாக்கம் கோபுரத்தை நோக்கியபோது உருவமும் பேயும் சேர்ந்தே மங்கின. ஆகவே இரண்டும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. பெரும்பாலும் பேய் நம் முதுகுப் பக்கம்தான் இருக்கும். வீட்டைத் தாண்டி 390 மீட்டர் போய், எதன்மீதோ மோதி, மறுபடி 390 மீட்டர் திரும்பி வந்திருக்கிறது.

மாலையில் அவருடன் தென்மேற்குத் திசையில் நடந்தேன். ஏறத்தாழ 500 தப்படி. அங்கே புதிதாக எழுந்து நின்றது ஓர் அடுக்குமாடிக் கட்டடம். இரும்புக் கம்பியும் கான்கிரீட்டுமாக, வானொலி அலைக்கு அது ஒரு பெரிய கண்ணாடி!

முதுகு உள்ள ஏரியல்

முயல் காதுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் இல்லை. இரண்டு பக்கத்து அலையையும் ஒரே அளவில் வாங்கிக்கொள்ளும். முன்னால் மட்டும் கேட்டு, பின்னால் கேளாத ஏரியல் வேண்டும். அதை 1926இல் ஜப்பானின் தொகோகு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்ற இருவர் வகுத்தார்கள். மீன்முள் போலக் கம்பிகள் நீட்டிய அந்த 'யாகி ஏரியல்'தான் ஒரு காலத்தில் நம் ஊர் மாடிகளில் எல்லாம் நின்றது.

அதன் கம்பிகளுக்கு ஏன் அந்த நீளம்? உதாரணத்துக்கு, நான்காம் அலைவரிசையின் பட அலைக்கு அதிர்வெண் 62.25 மெகாஹெர்ட்ஸ். 300ஐ இதனால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 4.8 மீட்டர். அதில் பாதி 2.4 மீட்டர். பெட்டியுடன் இணையும் கம்பி இதைவிடச் சற்றுக் குறைவாக, 2.3 மீட்டர் இருக்கும். அதற்குப் பின்னால் சிறிது நீளமான கம்பி 'எதிரொளிப்பான்'. முன்னால் சிறிது குட்டையான கம்பி 'வழிகாட்டி'. இவற்றில் எழும் அலைகள் முன்பக்கத்து அலைக்கு வலுவூட்டும். பின்பக்கத்து அலையைப் பெரும்பாலும் அழித்துவிடும்.

வீட்டுக்காரரின் இரண்டு பயங்கள்

சரி, ஏரியலை எங்கே வைப்பது? ஆசிரியர் வீட்டுக்காரரிடம் போய், "ஐயா, எதற்காக வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டார். முன்பிருந்த குடித்தனக்காரர் தளத்தில் துளை போட்டதால் மழைநீர் ஒழுகியதாம். இடி விழும் என்ற பயமும் இருந்தது. "அவர் சொல்வதில் தவறில்லை" என்றார் ஆசிரியர் அப்பாவிடம்.

துளையே போடாமல், கைப்பிடிச் சுவரை இரு பக்கமும் கவ்வும் இரும்புக் கிளாம்பில் குழாய் நின்றது. சுவர் கீறாமலிருக்கப் பழைய சைக்கிள் டியூப் வைத்தோம். குழாயின் அடியிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்று தரைக்குள் போயிற்று. குழாய் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத மூலையாகப் பார்த்து நட்டோம். இது மிக முக்கியம். பட்டை ஒயரை இரும்பு ஜன்னலை ஒட்டாமல் தள்ளி இறக்கினோம். இரு இழைகளைச் சுற்றி வெளியிலும் மின்காந்தப் புலம் இருப்பதால், இரும்பு அருகில் வந்தால் அலை வலு குறையும்.

அப்பா மாடியில் குழாயைத் திருப்ப, நான் கீழிருந்து கத்தினேன். "இன்னும் கொஞ்சம்... போச்சு, போச்சு... ஆங், அப்படியே!" பேய் முழுவதும் ஒழியவில்லை. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. எங்களுக்கு அது போதும். 1993இல் நாங்கள் வீட்டைக் காலி செய்தபோது கிளாம்பைக் கழற்றினோம். வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

இன்றும் அதே இயற்பியல்

அந்தப் பழைய ஒளிபரப்பு முறை பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. இலக்கமுறைப் படத்தில் பேய் தெரியாது. ஆனால் அலைகள் மோதித் திரும்புவதை நிறுத்தவில்லை. உங்கள் வீட்டு வைஃபை அலையின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால், அதன் அலைநீளம் எவ்வளவு? கணக்கிடுங்கள். 12.5 செ.மீ. வருகிறதா? நேரலையும் எதிரொளித்த அலையும் சேரும் இடத்தில் வலு கூடும். சில செ.மீ. தள்ளினால் குறையவும் கூடும்.

விடுமுறையில் ஒரு சோதனை செய்யுங்கள். வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு முறையும், அதிலிருந்து விலக்கி ஒரு முறையும் வையுங்கள். ஒவ்வோர் அறையிலும் இணைய வேகத்தை அளந்து வீட்டுப் படத்தில் குறியுங்கள். வேகம் எங்கே விழுகிறது, அந்த வழியில் எந்தச் சுவர் அல்லது எந்த இரும்பு இருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் வீட்டுப் பேயின் முகவரியும் கிடைத்துவிடும்!