வீட்டுக்குள் ஒரு மருள்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து மனிதருக்கு மருளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேலியோரத்திலும் உடைமரத்து நிழலிலும் தானாக வளரும். தடித்த இலையில் குறுக்கே கரும்பச்சைப் பட்டைகள் ஓடும். வில்லுக்கு நாண் திரிக்க உதவிய நார் இதனுடையது. அந்த நாரைப் பற்றி விரிவாக எழுதிய தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க்கின் பெயரே 1829இல் இதன் அறிவியல் பெயரில் சேர்ந்தது.

நர்சரிகளில் 'ஸ்னேக் பிளான்ட்' என்று விற்பது இந்த மருளின் ஆப்பிரிக்கப் பங்காளி. அதில் மஞ்சள் விளிம்புள்ள நெட்டை ரகம் ஒன்று உண்டு. 1939இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர நர்சரி ஒன்றில், அந்த ரகத்தின் பக்கக்கன்று ஒன்று நெடிதாக எழாமல் தரையோடு ரோஜா அடுக்காக விரிந்தது. 1941இல் சில்வன் ஹான் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றதால் 'ஹானி' என்ற பெயர் நிலைத்தது. ஒரு சாண் உயரம்கூட எட்டாத இந்தக் குட்டிச் செடியிலிருந்து, அகன்ற மஞ்சள் கரை போட்ட 'கோல்டன் ஹானி' பின்னால் வந்தது. நம் ஊர் வெக்கைக்கும் வறட்சிக்கும் இதைவிடப் பொருத்தமான வீட்டுச் செடி எனக்குத் தெரியவில்லை.

காரணம், அது மூச்சு விடும் முறை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அந்த வழியாகவே ஈரமும் ஆவியாகிப் போகும். மருள் குடும்பம் பகலில் துளைகளை மூடிவிட்டு, வெக்கை தணிந்த இரவில் திறக்கிறது. அப்போது உள்ளே வரும் வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்து, விடிந்ததும் வெளிச்சத்தைக் கொண்டு உணவாக்குகிறது. 'இரவு முழுக்க ஆக்சிஜன் தரும்' என்று சொல்லி விற்பது இதைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான். ஆக்சிஜன் பிறக்க ஒளி வேண்டும். இரவில் அது பிறப்பதில்லை. அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்பதையும் நம்பி வாங்க வேண்டாம். சன்னலைத் திறந்துவைத்தால் வரும் காற்றுக்கு ஈடாக, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அழகுக்காக வாங்குங்கள், அது போதும்.

இலையிலேயே நீரைச் சேர்த்துவைக்கும் செடியைக் கொல்வது தாகமல்ல, தண்ணீர்தான். நம் கரிசல் மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். பருத்திக்கு அருமையான மண், ஆனால் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்து இந்தச் செடியின் கிழங்கை அழுக வைத்துவிடும். செவல் மண்ணோடு பாதிக்குப் பாதி பருமணலோ செங்கல் தூளோ கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டியில் வையுங்கள். விரலை விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். இலையடுக்கின் நடுக்குருத்தில் நீர் தேங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திண்ணைக்குள் எடுத்துவிடுங்கள். சித்திரை மேற்கு வெயில் நேராகப் பட்டால் இலை வெந்துபோகும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் பிடித்துவைத்த மழைநீர் மேல்.

பெருக்குவதில்தான் வேடிக்கை இருக்கிறது. ஓர் இலையை விரல்நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் வெட்டுவாய் காயவிட்டு, மணலில் நட்டால் வேர் விடும். தலைகீழாக நட்டால் விடாது. அதனால் வெட்டும்போதே அடிப்பக்கத்தில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். குருத்து வர மாதக்கணக்கில் ஆகும். கோல்டன் ஹானி இலையை இப்படி நட்டால், மஞ்சள் கரை இல்லாத பச்சைக் கன்றுதான் கிடைக்கும். அந்தச் செடி இரண்டு வகைத் திசுக்கள் அருகருகே வாழும் கலப்புடல். பச்சையம் செய்யத் தெரியாத திசு விளிம்பிலும், தெரிந்த திசு நடுவிலும் இருக்கின்றன. வெட்டுவாயில் புதுக்குருத்து பிறப்பது பச்சைத் திசுவிலிருந்து. இரண்டும் உரிய அடுக்கில் சேர்ந்தே இருப்பது கிழங்கின் வளர்நுனியில் மட்டும்.

ஆகவே மஞ்சள் கரை வேண்டுமென்றால் அந்த நுனியிலிருந்து எழும் பக்கக்கன்றைத்தான் பிரிக்க வேண்டும். அது தாயின் பாதி உயரம் வந்ததும், பங்குனி வாக்கில் தொட்டியைக் கவிழ்த்து, சொந்த வேர் இருக்கிறதா என்று பார்த்துக் கிழங்கோடு அறுத்து, காயம் ஆறிய பின் தனியே நடுங்கள். பிரிக்கும்போது முழுப்பச்சைக் கன்று ஏதாவது தென்பட்டால் அதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பச்சையம் கூடுதலாக உள்ள அது வேகமாக வளர்ந்து, கரை போட்ட செடியை ஓரங்கட்டிவிடும்.